மைக் முன்னால் நான் சொன்ன பதில்

“ஆள் எடுக்கிறது, ஆட விடுறது எல்லாம் கத்துக்கிருவடி. பிரஸ் மீட்டுலதான் மாட்டுவ. நாலு பேர் முன்னாடி வாயத் திறந்திருக்கியா நீ?”

கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த மதுரைக்காரி சொன்னது இது. அவளுடைய லேப்டாப்பில் கால்பந்து மேனேஜர் விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஓர் அணியை நடத்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்விக்குக் கீழே நாலைந்து பதில்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், எந்த வீரருக்கு அது பிடித்தது, யாருக்குக் கோபம் என்று உடனே காட்டிவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு வராது என்று யாராவது சொன்னால் பொறுக்காது. முதல் வாரமே, தோற்றதற்குக் கோல்கீப்பர்தான் காரணம் என்று நிருபர்களிடம் சொல்லிவைத்தேன். அவர் முறைத்துக்கொண்டார். அவருக்குப் பரிந்து இன்னும் நான்கு பேர் முறைத்தார்கள். அடுத்த ஐந்து ஆட்டமும் தோல்வி. அதன் பிறகு அமைதியான பதிலை மட்டுமே தொட்டேன். எதிரணி நன்றாக ஆடியது. எங்கள் வீரர்கள் எல்லோரும் உழைத்தார்கள். வில்லங்கமான கேள்வி என்றால், கருத்துச் சொல்ல விரும்பவில்லை. படிப்பு முடிவதற்குள், “எம்மா, மந்திரி தோத்தாரு போ” என்று மதுரைக்காரியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று அறைச் சுவரிலேயே எழுதியிருக்கும். சீசனில் ஆர்டர் குவிந்துவிட்டால் அதை யாரும் பார்ப்பதில்லை.

“ஏழு பேரு உக்காந்திருக்கோம்டி,” என்று, படிப்பு முடித்து நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “கால நீட்ட எடமில்ல. ஒருத்தி தும்முனா ஆறு பேரு மூஞ்சியத் தொடைக்கணும்.”

இருவரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து அந்த அறை வெடித்தது. அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் இறந்துபோனார்கள்.

மருத்துவமனையில் பிணவறை வாசலில் நின்றிருந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடியிருந்தார். ஒரு நிருபர் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

“ரூமுக்குள்ள கூடுதலா ஆள் வச்சிருந்ததாச் சொல்றாங்களே. உங்கம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

பக்கத்தில் கம்பெனி போர்மேன் நின்றார். கம்பெனியை மூடிவிட்டால் பிழைப்புக்கு வழியில்லாத பெண்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். திரையில் வருவதுபோல் பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எனக்குள் வந்து நின்றன.

“விசாரணை முடியட்டும். இப்போது எதுவும் சொல்ல விரும்பவில்லை. கம்பெனியில் அம்மாவை நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள்.”

தடுமாறாமல், எழுத்துத் தமிழிலேயே சொன்னேன்.

“படிச்ச புள்ளைன்னா இதான். எம்புட்டுப் பக்குவமாப் பேசுனீக தாயி!” என்றார் போர்மேன். அம்மாவின் உடலைக்கூட இன்னும் எங்களிடம் தரவில்லை. அந்த நேரத்திலும் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டுச் சித்தி வந்தார். அதே அறையில் வேலை பார்த்து உயிர் பிழைத்தவர். இரண்டு கையிலும் கட்டு. காப்பி டம்ளரை நான்தான் அவர் வாயருகே பிடித்தேன்.

“உங்கம்மா கை தவறி மருந்துத் தட்டக் கீழ போட்டுட்டான்னு போர்மேன் போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காரு, தெரியுமா?”

“எங்கம்மாவா?”

“செத்தவ எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லவா போறா? ஏழு பேரு நெருக்கிக்கிட்டு இருந்தோம், யாரு முட்டியோ இடிச்சுத்தான் தட்டு உருண்டுச்சுன்னு நான் சொல்லுதேன். எவன் கேக்கான்? செத்தவ மகளே டிவியில ஒரு குறையுமில்லைன்னு சொல்லிட்டா, ஒனக்கென்னன்னு கேக்காக.”

“யார் மனசும் நோகக் கூடாதுன்னுதான் சித்தி...”

“நோகலயே தாயி. யாருக்கும் நோகல. உங்கம்மாளுக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு.”

டம்ளரில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது. குடிக்க மாட்டேன் என்று தலையசைத்தார்.

அந்த விளையாட்டில் நாம் சொல்லும் பதில் உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. யார் மனம் எப்படித் திரும்பியது என்பதுதான் அங்கே முக்கியம். அதைப் பார்த்துப் பார்த்து, கேள்வியைக் காதில் வாங்குவதையே நான் நிறுத்தியிருக்கிறேன். நிருபர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அம்மா சொன்னாளா? சொன்னாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. நான் வாயைத் திறந்தால் அது திறக்கவே செய்யாது என்று குழாயடியில் பேசிக்கொள்கிறார்கள். முன்பு எனக்காகக் குடத்தை நகர்த்தியவர்கள் இப்போது நகர்த்துவதில்லை. அவர்கள் பயம் பொய்யில்லை.

திங்கட்கிழமை காலையில் சித்தியோடு சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். விபத்தை விசாரிக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு எழுதினேன். மருத்துவமனை வாசலில் நான் பேசியது தவறு என்பது முதல் வரி. அம்மா என்னிடம் சொன்னது இரண்டாவது வரி. பிறகு, சித்தி சொல்லச் சொல்ல, அந்த அறையில் இருந்த ஏழு பேரின் பெயர்களும். விசாரணைக்கு நேரில் வருவீர்களா என்று எழுத்தர் கேட்டார். வருவேன் என்பதையும் கடைசியில் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.