யூனிஸ் மிஸ்ஸின் நிலத்துக்கு முக்காடு

செய்தி வந்தபோது கல்முனை மீன் சந்தைக்குப் பின்னால் நின்று சூரைத் தலைகளையும் குடல்களையும் வாளியில் அள்ளி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கை நாறியதால் மீன் வெட்டுகிறவர்தான் தொலைபேசியை எடுத்து என் காதில் வைத்தார். தோட்ட வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் அக்காவான பரீதா ராத்தா அழுதுகொண்டே பேசினார். "தம்பி, நம்மட மிஸ் போயிட்டாவாம். நெஞ்சு நோகுதெண்டு சொன்னாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டாம்." அந்த வாளி மிஸ்ஸுக்காகத்தான். வருகிற சனிக்கிழமை செடிகளுக்கு ஊற்ற மீன் கரைசல் போடக் காட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

யூனிஸ் மிஸ் கல்முனையில் இருந்த மெதடிஸ்த கிறிஸ்தவர். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி நிந்தவூருக்கு வருவார். பொது மண்டபத்துக்குப் பக்கத்து மணல் காணியில், நஞ்சில்லாமல் மரக்கறி செய்ய எங்களைப் பழக்கினார். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. வகுப்புக்குப் பெயர் கொடுத்தவள் என் மகள் ஹஸ்னா. அவளுக்கு டியூஷன் வந்துவிட, "எடம் வீணாப் போகும் வாப்பா, நீங்க போங்க" என்று தள்ளிவிட்டாள். பெண்கள் நிறைந்த வகுப்பில், கோழி திருட வந்தவன்போல் வேலியோரம் நின்றேன். "உள்ளுக்கு வாங்க காக்கா. வேலிக்குக் காவல் வேணாம், பாத்திக்குத்தான் ஆள் வேணும்" என்றார் மிஸ், எங்கள் ஊர் வழக்கப்படி என்னை அண்ணன் முறை வைத்து.

சருகும் சாணியும் குவித்து மக்க வைக்கும் கூட்டெருவில் ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியச் சொன்னார். நான் பிழிந்த பிழியில் தண்ணீர் நான் உடுத்திருந்த சாரமெல்லாம் நனைய ஊற்றியது. "இது கூட்டெரு இல்ல காக்கா, சாணிக் கஞ்சி" என்றார். காய்ந்த சருகும் உமியும் கலந்து மறுபடியும் பிழிய வைத்தார். விரலிடுக்கில் துளி மட்டும் கசிய வேண்டும். பிறகு ஒரு நீண்ட இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி, சற்றுப் பொறுத்து இழுத்துத் தொடச் சொன்னார். கை சுட்டது. "சுட்டா உள்ளுக்கு வேலை நடக்குது. ஆறினாப் பிரட்டிப் போடுங்க. இவ்வளவுதான்." நான் விஞ்ஞானத்தில் பாஸ் என்று மகளிடம் போய்ச் சொன்னேன். "முதல்ல குளிங்க வாப்பா" என்றாள்.

எங்கள் மணல் வெயிலில் காய்ந்து, காற்றில் பறந்து, தண்ணீர் ஊற்றினால் நொடியில் குடித்துவிடும். அதை வெறுமையாக விடவே மிஸ் சம்மதிக்க மாட்டார். வைக்கோல் பரப்புவார், வைக்கோல் இல்லாத இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படர விடுவார். ஒருநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, "இத உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? நிலத்துக்கும் முக்காடு போட்டு விடுங்க" என்றார். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் பரீதா ராத்தா. அவர் அந்தக் காணியில் நாற்று வளர்த்து விற்றுத்தான் வீடு நடத்துகிறார்.

நாட்டில் இரசாயனப் பசளையைத் திடீரென்று நிறுத்தினார்களே, அந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. வேளாண்மை விழுந்தது. கோபம் நியாயமானது, அது போய்ச் சேர்ந்த இடம்தான் அநியாயம். மிஸ் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் எங்கள் ஊர்ப் போடியார் ஒருவர், நிறைய வயல் உள்ளவர், சனங்களுக்கு முன்னால் கத்தினார்: "உங்கட குப்பைக் கதையாலதான் எங்கட வயல் நாசமாப் போச்சு!" மிஸ் குடையை மடக்கினார். "இந்த மணலப் பழக்கவே நான் எத்தனை போகம் பொறுத்தன் தெரியுமா? உங்கட வயலுக்கு அரசாங்கம் ஒரு போகமும் தவணை குடுக்கல்ல. எனக்கும் கோவம்தான் ஐயா." அடுத்த சனிக்கிழமையும் அதே பஸ்ஸில் வந்தார்.

இப்போது அந்தப் போடியார்தான் அனுதாபக் கூட்டத்துக்குத் தலைவர். மிஸ்ஸின் காணியிலேயே கூட்டம். போய் இறங்கினேன். 'இயற்கையின் செல்ல மகள்' என்று பெரிய பதாகை. அதற்குக் கீழே வல்லாரையும் பொன்னாங்காணியும் மஞ்சளாகிக் கருகிக் கிடந்தன. அவற்றின்மேல் பிளாஸ்டிக் கதிரைகள். களைநாசினியை எங்கள் ஊரில் எண்ணெய் என்போம்.

"யாரு இதுக்கு எண்ணெய் அடிச்ச?"

"நான்தான் போன கிழமை ஆள் வெச்சி அடிச்ச" என்றார் போடியார், நன்றியை எதிர்பார்த்த முகத்தோடு. "காடு புடிச்சிக் கிடந்திச்சி. பெரிய மனிசர் வாற எடம், பாம்பு கீம்பு இரிந்தா?"

"அது காடில்ல போடியார். மிஸ் நட்டது."

"புல்லயா நட்டாவு? சும்மா இரிங்க காக்கா. அவவுட பேருக்குத்தானே இவ்வளவும் செய்யிறம்."

பரீதா ராத்தா ஒரு நாற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். காற்றில் வந்து பட்ட எண்ணெயில் கத்தரி நாற்றுகள் சுருண்டிருந்தன. "இதையும் மிஸ்ஸுட பேருக்குத்தான் கருக்கினீங்களா?" போடியார் ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

அவருடைய வாழ்நாள் வேலையைக் கொன்று, அந்த இடத்தைத் துப்புரவாக்கி, அதில் உட்கார்ந்து அவரைப் புகழ நம்மால்தான் முடியும்! என்னையும் பேச அழைத்தார்கள். "மிஸ்ஸப் பத்திக் கதைக்க நிறைய இரிக்கி. முதல்ல கதிரையத் தூக்குங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். எந்நேரமும் பகிடி விடுகிறவனின் கோபத்துக்கு இதுதான் மரியாதை. ஆனால் பரீதா ராத்தா எழுந்து தன் கதிரையைத் தூக்கினார். பின்னால் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கதிரைகளைத் தார் வீதி ஓரத்தில் அடுக்கினோம். பேச்சாளர்கள் அங்கே போய்ப் பேசினார்கள். நாங்கள் கேட்கவில்லை, வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தோம்.

ராத்தா மறுபடியும் விதை போட்டிருக்கிறார், இந்த முறை என் வீட்டு முற்றத்தில். அந்தக் காணி எப்போது பழைய நிலைக்கு வரும் என்று கேட்க இப்போது மிஸ் இல்லை.

மிஸ்ஸைத் தெரிந்தவர்களே, மிஸ்ஸைப்போல் நானும் மௌத்தானால் கூட்டம் வைக்காதீர்கள்; வைத்தே தீர்வீர்கள் என்றால் என் முற்றத்துப் புல்லைத் தொடாதீர்கள். மிஸ்ஸின் இரும்புக் கம்பி இப்போது என்னிடம் இருக்கிறது. மண்டபத்தின் பின்சுவரோடு இருந்த கூட்டெருக் குவியல் எண்ணெய் அடித்தவன் கண்ணில் படவில்லை. அன்று எல்லோரும் போன பிறகு அதில் கம்பியைச் செருகி, சற்றுப் பொறுத்து இழுத்துத் தொட்டேன்.

கை சுட்டது.