பழத்துக்குப் பேய் வேஷம்

மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, ஹாலோவீன் ஃபெஸ்தாவுக்கு நீங்கள் பழம் செய்து தருவீங்கள் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"பழத்தை நான் எப்பிடிச் செய்யிறது? அது மரமெல்லோ செய்யிறது."

அவள் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது. அந்த வயதில் அவள் எதையும் விளையாட்டாகச் சொல்வதில்லை. அவளுடைய வகுப்பில், அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் தோழிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பிறந்தநாள்களுக்குப் போனால் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுவாளாம். இந்த முறை எல்லாரும் ஒன்றையே சாப்பிட வேண்டும் என்று என் மகள் தீர்மானித்திருக்கிறாள். தீர்மானித்தவள் அவள், செய்ய வேண்டியவள் நான்.

வீட்டில் செய்த சாப்பாட்டைப் பள்ளிக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் விழாவை ஒரேத்தோத் தெருவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் முற்றத்தில் பின்னேரம் நாலு மணிக்கு வைப்பதென்று தாய்மார் தங்களுக்குள் போனில் பேசி முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைகள் பதினெட்டுப் பேர்.

இத்தாலிக்கு வந்து இத்தனை வருடமாகியும் ஹாலோவீன் என்றால் என்னவென்று நான் யாரையும் கேட்டதில்லை. கடைக் கண்ணாடியில் எலும்புக்கூடு தொங்கும், நான் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவேன். அடுத்த நாள் காலை, நான் வேலை செய்யும் வீட்டின் எசமானி சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் முகம் சுளித்தார்.

"அது அமெரிக்கக்காரருடையது. எங்கட பிள்ளையளுக்குச் செத்தவைதான் சாமான் கொண்டுவருவினம்."

ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். "ஆர் கொண்டுவாறது?"

"செத்தவை. தாத்தா, பாட்டி, எங்கட ஆக்கள். நவம்பர் இரண்டாம் திகதி விடிய எழும்பினால் வீட்டுக்குள்ளை எங்கையாவது ஒளிச்சு வைச்சிருப்பினம். நாங்கள் தேடி எடுக்கோணும்."

எனக்கு இதில் கேட்க நிறைய இருந்தது. எந்த வழியால் வருவார்கள்? எப்படித் தெரியும், எந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமென்று? சிஞ்ஞோரா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பாற்கட்டி துருவும் துருவலையை முதல் நாளே ஒளித்து வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் குழப்படி செய்த பிள்ளைகளின் உள்ளங்காலைச் செத்தவர்கள் வந்து துருவிவிடுவார்களாம். "என்ரை துருவலை வருஷா வருஷம் கட்டிலுக்குக் கீழைதான் கிடந்தது" என்று சொல்லி, தன் கால்களைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் இனிப்புக் கடை வாசலில் நின்றேன். பாதாம் மாவையும் சீனியையும் பிசைந்து செய்த பழங்கள் தட்டுத் தட்டாக இருந்தன. பீச் பழத்தின் கன்னத்துச் சிவப்பு, கள்ளிப் பழத்தின் புள்ளி, தேசிக்காயின் தழும்பு வரைக்கும் அச்சாக இருந்தது. இந்த ஊரில் சீனி பழ வேஷம் போடுகிறது. நானோ பழத்துக்குப் பேய் வேஷம் போட வேண்டும்.

விழாவுக்கு இரண்டு நாள் முந்திப் பள்ளி வாசலில் மகளுடைய தோழியின் தாயைக் கண்டேன். அதுவரை நாங்கள் இருவரும் தலையசைப்பதோடு சரி. "பழம்தான் செய்யிறன், சீனி ஒண்டும் போட மாட்டன், யோசிக்காதேங்கோ" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் பெருமையாகச் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பழத்திலையும் சீனி இருக்கு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இல்லை, இல்லை, அவள் சாப்பிடலாம். எவ்வளவு சாப்பிடுறாள் எண்டு தெரிஞ்சால் நான் அதுக்கு அளவா இன்சுலின் போடுவன். என்ன பழம், தோல் உரிச்சபிறகு எத்தினை கிராம், இதை மட்டும் எழுதித் தாங்கோ. ஒருத்தரும் எழுதித் தாறேல்லை. அதுதான் டப்பா."

அந்தப் பிள்ளையின் மேற்கையில் வட்டமாக ஒன்று ஒட்டியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விளையாட்டுக்கு ஒட்டிய ஸ்டிக்கர் என்றே நினைத்திருந்தேன். அது இரத்தத்தில் சீனி ஏறுவதையும் இறங்குவதையும் தாயின் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். போனைத் திறந்து காட்டினார். ஒரு கோடு மலைபோல ஏறி இறங்கியிருந்தது. "இது நேற்றுப் பாண். இது இண்டைக்குக் காலமை பால்." வாசலில் பிள்ளைகள் எங்களை இழுக்கும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சந்தையில் காக்கி என்று ஒரு பழம் உண்டு. செம்மஞ்சள் நிறம், தட்டையான உருண்டை, தலையில் நாலு பச்சை இதழ். சின்னப் பூசணிக்காய் மாதிரியே இருக்கும். கைக்கு உறுதியாக இருந்த பதினெட்டைப் பொறுக்கி எடுத்தேன். விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் வேலையால் வந்து, கூர்க் கத்தியால் முதல் பழத்தில் கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டினேன். அவ்வளவு வடிவாக வந்தது. வெட்டிய துண்டை வாயில் போட்டேன்.

பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் எப்படி இருக்கும்? அதைப்போலப் பத்து மடங்கு கயர். நாக்கு தடித்து மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது. கணவர் வந்து "என்ன?" என்று கேட்க என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு துண்டை நீட்டினேன். அவர் கடித்தார். எங்கள் இருவருடைய முகத்தையும் பார்த்த மகள், பார்த்தும் ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். மூன்று பேரும் தண்ணீர்க் குழாயில் வரிசையாக நின்று வாய் கொப்பளித்தோம்.

"இது கூழாகக் கனியுமட்டும் வைச்சுச் சாப்பிடுற சாதி. அப்பிளைப்போலக் கடிக்கிறது வேறை" என்றார் அவர், நாக்கு விடுபட்ட பிறகு. அவர் மந்தரீன் என்ற சின்ன ஆரஞ்சு விளையும் சியாகுல்லித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்.

"அப்ப மந்தரீன் கொண்டுவாங்கோவன்."

"எங்கட மந்தரீன் மாசி மாசம்தான் பழுக்கும். இப்ப பச்சைக் கோலிக்குண்டு." கொஞ்சம் யோசித்தார். "வேலி ஓரத்திலை முந்திக் காய்க்கிற மரம் நாலு நிக்குது. கேட்டுப் பாக்கிறன்."

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வெளியே பாதிக்கு மேல் பச்சை. மகளின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் ஒன்றை உரித்ததும் உள்ளே செம்மஞ்சள் பளிச்சென்று வந்தது. சுளை சுளையாகப் பிரிந்த உருண்டை. நடுக்குழியில் செலறித் தண்டு ஒன்றைக் குத்தி வைத்தேன். பூசணிக்காய்! கத்தியே தேவைப்படவில்லை.

பிறகு வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி நிமிர்த்தி வைத்து, கறுக்காமலிருக்கத் தேசிக்காய்ப்புளி பூசினேன். மகள் கறுத்த முந்திரிகை வற்றலைக் கிள்ளிக் கண் வைத்தாள். வெள்ளைப் பேய்கள் தட்டில் எழும்பி நின்றன. ஆறாவது பேய்க்குக் கண் வைக்கும்போது கேட்டாள்:

"அம்மா, எங்கட ஆக்களிலை செத்தவையும் இஞ்சை வருவினமோ?"

"ஆர் சொன்னது?"

"வகுப்பிலை எல்லாற்றை ஆக்களும் வருவினமாம். எங்கட ஆக்களுக்கு அட்ரஸ் தெரியுமோ?"

என் தம்பி யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் இறந்தான். பதினைந்து வயது. படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அவனைப் பற்றி நான் மகளிடம் பேசியதேயில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாததுதான் காரணம்.

"ஒரு மாமா இருந்தவர்" என்றேன். "அவருக்கு இத்தாலி எங்கை இருக்கெண்டே தெரியாது."

"அவருக்கு என்ன பழம் விருப்பம்?"

அவன் எப்படி இறந்தான் என்று கேட்பாள் என நினைத்திருந்தேன். அவள் கேட்டது பழத்தை. "பாலைப்பழம்" என்றேன். மஞ்சளாக, சின்னதாக, காட்டு மரத்தில் காய்ப்பது. நிறையச் சாப்பிட்டால் பால் பிடித்து இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அவன் அளவுக்கு மிஞ்சித் தின்றுவிட்டு, அப்பா கேட்டதற்கு வாய் திறக்க முடியாமல் நின்று அடி வாங்கினான்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவனை நினைத்து நான் சிரித்தது எத்தனை வருடத்துக்குப் பிறகென்று தெரியவில்லை. கை தன்பாட்டில் தேசிக்காய்ப்புளி பூசிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தராசில் வைத்து, நிறையைக் கொப்பித் தாளில் எழுதி, நாலு மணிக்கு முற்றத்துக்கு இறங்கினோம். குப்பைப் பையில் உடுப்புத் தைத்த சூனியக்காரிகளும் துவாய் போர்த்த பேய்களும் ஓடித் திரிந்தார்கள். தோழியின் தாய் தாளை இரண்டு முறை வாசித்தார். போனைப் பார்த்தார். தன் மகளை ஓரமாகக் கூப்பிட்டு ஊசியைப் போட்டுவிட்டு, "போ, சாப்பிடு" என்றார். அந்தப் பிள்ளை மற்றவர்களோடு இடித்து நெரித்துக்கொண்டு தட்டுக்குக் கை நீட்டினாள்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. அப்பிள் துண்டுகளில் பாதாம் சீவல் செருகிப் பல் வைத்து வாய்கள் செய்திருந்தேன். பிள்ளைகள் பல்லை மட்டும் பிடுங்கித் தின்றுவிட்டு வாயை அப்படியே விட்டுவிட்டார்கள். வாழைப்பழப் பேய்களை முதலில் ஒருவரும் தொடவில்லை. ஒரு பையன் குனிந்து பார்த்து, "இதுகள் ஏன் வெறுங்கையோடை வந்திருக்குதுகள்?" என்று கேட்டான். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் செத்தவர் என்றால் ஏதாவது கொண்டுவருகிறவர். உடனே என் மகள் ஒவ்வொரு பேய்க்கும் முன்னால் ஒரு மந்தரீன் சுளையை வைத்தாள். அதன்பிறகு பத்து நிமிடத்தில் தட்டு காலியாகிவிட்டது.

"இன்னும் ஒண்டு எடுக்கலாமோ?" என்று அந்தப் பிள்ளை தாயைக் கேட்டது என் காதில் விழுந்தது. தாய் என் தாளைப் பார்த்தார். "ஓம், ஒரு மந்தரீன்." அவர் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நான் காணாதமாதிரி அப்பிள் வாய்களைப் பொறுக்கினேன்.

அடுத்த கிழமை அவர் போன் எடுத்தார். தன் மகள் எங்கள் வீட்டுக்கு விளையாட வர ஆசைப்படுகிறாளாம். பின்னேரச் சாப்பாட்டுக்கு நாங்கள் என்ன சாப்பிடுவோம் என்று கேட்டார்.

"புட்டு."

"அதிலை எவ்வளவு மா இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. கைப்பிடியால் போட்டுத்தான் பழக்கம். ஒருவரும் இதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். கையில் ஒரு கொப்பி. பிள்ளைகள் அறைக்குள் ஓட, அவர் என் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அரிசி மாவை நிறுத்தேன். தேங்காய்ப்பூவை நிறுத்தேன். ஆவியில் இறங்கிய புட்டை மறுபடி நிறுத்தேன். கொதிதண்ணீரும் கனத்தைக் கூட்டுகிறது என்பது இருவருக்கும் அன்றுதான் உறைத்தது. கணக்கைத் திருத்தி எழுதினோம். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து இரண்டு மணித்தியாலம் போன பிறகு, அவர் போனை என் பக்கம் திருப்பினார். கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியிருந்தது.

"நல்லது" என்றார். கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனையை எடுத்தார். "இனி அந்த நூல் மாதிரி ஒண்டு செய்வீங்களாமே, மகள் சொன்னாள். அது என்ன மா?"