சங்கு ஊதியதும் மணி பார்த்த சாதியா

நெய்வேலியில் வளரும் பிள்ளைக்கு மணி பார்க்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்ட் மாறும்போது சுரங்கத்துச் சங்கு ஊதும். ஊதியதும் ஊரே கடிகாரத்தைப் பார்க்கும். நேரத்துக்குத்தான் ஊதினானா என்று சங்கையே சோதிக்கிற ஜனம். இந்தப் பழக்கம்தான் சாதியாவின் வேலைக்கு வேட்டு வைத்தது.

அவள் அத்தா நிஜாமுதீன் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு மேஸ்திரி வெற்றுத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, "மொதல்ல எழுதிக்கினு வா, படிச்சிட்டுப் போடறேன்" என்று திருப்பி அனுப்பியவர். நகைநட்டு எதுவும் சேர்த்துவைக்கவில்லை. அந்த வாயை மட்டும் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார்.

பண்ருட்டி கேபிள் டிவியில் பலாப்பழ விலை வாசித்துத் தொடங்கியவள், சென்னையில் ஒரு செய்திச் சேனலுக்குப் போனாள். கொழும்பில் ஜனம் தெருவில் இறங்கியபோது கண்ணீர்ப்புகைக்குள் நின்று பேசினாள். பொம்பளைப் பிள்ளையை ஏன் சண்டைக்கு அனுப்புகிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அம்மா ஜான் பீவி ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "சண்டை போடவா அனுப்பினேன்? யாரு போடறாங்கன்னு பாத்துக்கினு வரத்தான் அனுப்பினேன்."

பிறகு உக்ரைன். ஒரு துறைமுக நகரத்தில் நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது வான்தாக்குதல் சங்கு ஊதியது. கேமராமேன் ராஜ்மோகன் ஓடிக்கொண்டிருந்த கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு நிலவறைக்குப் பாய்ந்தான். சாதியாவோ மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தாள். நாலே விநாடி. அதற்குப் பிறகுதான் உயிர் நினைவுக்கு வந்து ஓடினாள்.

நிலவறையில் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் மிக்கோலாவின் மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வரவில்லை. கடையும் இல்லை.

சாதியா அனுப்பிய அந்தச் செய்தியை ஒருவரும் சீண்டவில்லை. நாலு விநாடியைத்தான் நாடே பார்த்தது. 'போராவது புண்ணாக்காவது, அக்கா ஆபீஸ் விடற டைம் பாக்குது' என்று மீம் பறந்தது.

சேனல் ஆசிரியர் செங்குட்டுவன் போனில் வந்தார். "மானம் போவுது சாதியா. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, குனிஞ்சு ஓடற மாதிரி ஒரு ஷாட் எடுத்து அனுப்புங்க. அன்னைக்கு எடுத்த மிச்சக் காட்சின்னு போட்டுடலாம்."

"அன்னைக்கு நான் குனியல சார்."

"இன்னைக்குக் குனிங்களேன்!"

"முடியாது. இத நடிச்சா, அந்த மனுசன் செத்ததையும் நடிப்புன்னுதான் சொல்லுவாங்க."

"அப்போ கெளம்பி வந்துடுங்க. வெளிநாட்டுச் செய்தியில இனிமே உங்களுக்கு வேலை இல்ல."

ஊருக்கு வந்தவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பத்து வருட உழைப்பு ஒரு மணிக்கட்டில் போவதா? துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்த பக்கத்து வீட்டு தேவயானி, "ஒரு ஷாட்டு தானேம்மா, ஓடிட்டுப் போயிருக்கலாமே" என்றாள். "ஏன், நீ சங்கு ஊதினா ஓடுவியா?" என்று வெடுக்கென்று கேட்டாள் ஜான் பீவி.

அம்மா கோபத்தில் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாதியா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். செல்போனை எடுத்துக்கொண்டு, இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சுரங்க வாசல் டீக்கடைக்குப் போனாள். அத்தாவும் அங்கேதான் இருந்தார்.

சங்கு ஊதியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சுவரைப் பார்த்தார். பேருந்துக்கு நின்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். வேலையை விட்டு மூன்று வருடமான நிஜாமுதீன், கடிகாரம் இல்லாத வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பதிவானது. சாதியா செல்போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் மணி பார்த்தது நெசம். எங்க ஊர்ல சங்கு ஊதினா அத்தா வூட்டுக்கு வராருன்னு அர்த்தம். அந்த ஊர்ல ஊதினப்போ ஒரு பொண்ணோட அப்பா வூட்டுக்கு வரல. அவர் பேரு மிக்கோலா. சிரிச்சவங்க அந்தப் பேரையும் தெரிஞ்சுக்குங்க."

இணையத்தில் தன் பக்கத்தில் போட்டாள். சாயங்காலத்துக்குள் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். போனில் செங்குட்டுவனின் குரல் தேனாக ஒழுகியது. "பிரமாதம் சாதியா! எட்டு மணிச் செய்தியில போடறோம். வேலையும் உங்களுக்குத்தான். அந்த ரொட்டிக்கடை சமாச்சாரத்த மட்டும் வெட்டிடலாம், சோகமா இருக்கு."

"வெட்டுறதா இருந்தா போடாதீங்க."

"வேலை வேணாமா உங்களுக்கு?"

"வேணும் சார். இதுதான் என் வேலை. முழுசா போடுங்க."

போனை வைத்தாள். இரவு வீட்டில் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். செய்தியில் சங்கு ஊதியது, டீக்கடை வந்தது, கடைசியில் மிக்கோலாவின் பெயரும் வந்தது.

ஜான் பீவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "எட்டுன்னானுங்க, எட்டு அஞ்சுக்குத்தான் போடறானுங்க" என்றாள்.