ஹன்சாட்டில் ஏறிய என் தம்பி

என் கணவருக்குக் கிரிக்கெட் பிடிக்காது. மற்ற வீடுகளில் ஆண்கள் மெச் பார்க்கும் அதே வெறியோடு அவர் பாராளுமன்றம் பார்ப்பார். வரவு செலவுத் திட்ட விவாதம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் வேறு சத்தம் கேட்காது. பகல் சாப்பாட்டுக்கு லொறியை வாசலில் நிறுத்திவிட்டு, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, சோற்றைப் பிசைந்தபடி நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பார். எந்த உறுப்பினர் எழும்பினாலும் அவருடைய முந்தைய கட்சி எது, அதற்கு முந்தையது எது என்று எனக்கு ஒப்புவிப்பார்.

"இவங்க கதைச்சு எங்கட அடுப்பு எரியப் போகுதா?" என்று கேட்டு, நான் தையல் மெஷினை வேண்டுமென்றே வேகமாக மிதிப்பேன். அவர் போனின் சத்தத்தைக் கூட்டுவார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் எங்கள் பகல் நேரச் சண்டை. இன்று சொல்கிறேன், அந்தச் சண்டையில் அவர்தான் வென்றார்.

அந்த வருடம் என் தம்பி வளைகுடா நாடு ஒன்றில் சிறையில் இருந்தான். அவன் அங்கே லொறிச் சாரதி. லொறியில் இருந்த பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது என்பது என் கதை. கொஞ்சம் தெரிந்திருக்கும் என்பது என் கணவரின் கதை. எப்படியோ தீர்ப்பு வந்துவிட்டது. பல வருடத் தண்டனை. உம்மா மௌத்தானபோது அவனுக்கு ஒன்பது வயது. வாப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, அடித்து, அணைத்து வளர்த்தது நான். அக்காவுக்கு நாங்கள் சொல்வது ராத்தா. அவனுக்கு நான் ராத்தாவும் உம்மாவும்.

மீதித் தண்டனையைச் சொந்த நாட்டுச் சிறையில் கழிக்கலாம் என்று அந்த நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. தம்பி மனுப் போட்டான். இடைக்கிடை சில நிமிடங்கள் போனில் பேச விடுவார்கள். "பேப்பரெல்லாம் குடுத்தாச்சு ராத்தா. வீட்டுப் பக்கம் விசாரிக்க வருவாங்க" என்றான். விசாரிக்க யாரும் வரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. கிராம அலுவலரான விதானையிடம் கேட்டேன், பிரதேச செயலகத்தில் கேட்டேன், மாவட்டச் செயலகமான புத்தளம் கச்சேரிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒரு கோப்பு எங்களுக்கு வரவில்லை. கடைசியில் அந்தக் கச்சேரிக் காவலாளி என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போடத் தொடங்கிவிட்டார். இனிமேல் வராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்ன நாளில் சோறு இறங்கவில்லை.

நீதி அமைச்சின் ஒதுக்கீட்டைப் பற்றிய குழுநிலை விவாதம் நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாடசாலைச் சீருடைக் காலம் என்பதால் என்னைச் சுற்றி வெள்ளைத் துணி மலைபோலக் கிடந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். நாடுகளோடு ஒப்பந்தம் செய்கிறீர்கள், கைகுலுக்கிப் படம் எடுக்கிறீர்கள், கைதிகளைக் கூட்டி வர விமானச் சீட்டுக்கு மட்டும் பணம் ஒதுக்க மாட்டீர்களா, கட்டடத்துக்கு முகப்புக் கட்டுவது அவசரமா, மனிதனைக் கொண்டு வருவது அவசரமா என்று கேட்டார். நான் மெஷினை நிறுத்தினேன். அதுவே எங்கள் வீட்டில் புதினம்.

அமைச்சர் சிங்களத்தில் பதில் சொன்னார். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வர மட்டும்தான் போதும். கணவர் புத்தளத்துக்குப் பக்கத்துக் கனமூலையில் பிறந்து, சிலாபம் வரைக்கும் லொறி ஓட்டுகிறவர். அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பணம் ஒதுக்குவம் எண்டு சொல்றார். பிரச்சினை பணம் மட்டும் இல்லையாம். சில பேருக்கு இஞ்ச சொந்தக்காரர் ஆருமே இல்லையாம். உதாரணத்துக்கு ஒரு லொறிச் சாரதியாம்..." அவர் ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார். தம்பி இருந்த சிறையும் அந்த நகரத்தில்தான். "மன்னார் ஆளாம். விதானை ஊர் முழுக்கத் தேடியும் அப்பிடி ஒரு ஆளும் இல்ல, குடும்பமும் இல்லையாம். கோப்பை மூடப் போறாங்களாம்."

சொல்லிவிட்டு அவர் அடுத்த கவளத்தை எடுத்தார். கை பாதி வழியில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இஞ்ச பாரு புள்ள," என்றார். "உன்ட தம்பிட்ட ஊர் எது எண்டு கேட்டா என்ன சொல்லுவான்?"

அவன் என்ன சொல்லுவான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

தொண்ணூறில், போர்க்காலத்தில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து எங்களையும் மன்னாரிலிருந்து விரட்டியபோது எனக்கு ஏழு வயது. தம்பி அதன் பிறகு புத்தளத்தில், கிடுகு வேய்ந்த முகாமில் பிறந்தவன். மன்னாரில் அவன் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. முதலாம் வகுப்பில் டீச்சர் ஊர் எது என்று கேட்க, "கேம்ப்" என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்களாம். அழுதுகொண்டு வந்தவனின் தலையில் ஒரு குட்டுப் போட்டு, "ஆர் கேட்டாலும் நம்மட ஊர் மன்னார் எண்டு சொல்லு. மறக்கக் கூடாது" என்றேன். அன்றிரவு படுக்கும் வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். எங்களுக்கு ஊர் என்றால் வாப்பா புறப்பட்டு வந்த இடம். இருக்கிற இடம் என்பது இருக்கிற இடம்தான். புத்தளத்தில் முப்பது வருடம் வாழ்ந்தும், என் கணவரின் உறவுக்காரர்கள் கேட்டால்கூட, நான் மன்னார் என்றுதான் சொல்வேன். "மன்னார் பஸ் எத்தனை மணிக்கு எண்டு தெரியாது, ஊர் மட்டும் மன்னார்" என்று கணவர் கேலி செய்வார்.

அவனுடைய கடவுச்சீட்டு அந்தக் கம்பெனியில் எங்கேயோ தொலைந்துபோனது. சிறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் படிவத்தை வாய்மொழியாகக் கேட்டு நிரப்பியிருக்கிறார். ஊர் எது? மன்னார். முடிந்தது கதை. கோப்பு மன்னாருக்குப் போய் அங்கே அவனைத் தேடிக்கொண்டிருந்தது. நான் புத்தளத்தில் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கண்ணீர் வராது. என்மேல் வந்த கோபத்தில் அடுத்த நாள் காலையிலேயே புறப்பட்டேன். கணவர் தலவிலவில் ஏற்ற வேண்டிய வெங்காய லோட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அவன் படித்த பள்ளிக்கூடத்துக் கடிதம், எங்கள் விதானையின் கடிதம், உம்மாவின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்ட அந்த உறுப்பினரைக் கொழும்பில் அவருடைய அலுவலகத்தில் சந்தித்தோம். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர் இல்லை, எங்கள் மொழிக்காரரும் இல்லை. என் கணவர் அவருடைய பழைய பேச்சுகளைத் தேதியோடு சொல்லத் தொடங்க, மனிதர் எழுந்து நின்றுவிட்டார். தன் பேச்சை இவ்வளவு கேட்ட ஒருவரை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

பிறகு கடிதங்கள், கையெழுத்துகள், காத்திருப்பு. விவாதம் முடிகிற நாளும் வந்தது. அன்று நான் மெஷினைத் தொடவே இல்லை. கணவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, "ஆர் அவர்? எந்தக் கட்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த உறுப்பினர் எழுந்தார். போன முறை அமைச்சர் குடும்பமே இல்லை என்று சொன்ன சாரதிக்கு ஒரு சகோதரி இருக்கிறார், அவரை வேறு மாவட்டத்தில் தேடினீர்கள் என்றார். தன் நாட்டிலேயே இடம்பெயர்ந்த மனிதரிடம் ஊர் எது என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார் என்று உங்கள் படிவத்துக்குத் தெரியாது என்றார். அமைச்சர் எழுந்து, கோப்பு மூடப்படவில்லை, அந்தச் சாரதியைக் கொண்டு வருவோம், விமானச் சீட்டுக்கான பணமும் ஒதுக்கப்படும் என்றார். வாக்கெடுப்பில் ஒதுக்கீடு நிறைவேறியது.

"ஹன்சாட்டில ஏறிட்டான் உன்ட தம்பி," என்றார் கணவர். சபையில் பேசுவதையெல்லாம் அப்படியே அச்சிடும் பதிவேடு அது. "இனி ஆராலயும் அழிக்க ஏலாது." நான் அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அல்லாஹ் தந்த சந்தோசம் அது. அன்றைக்குப் பகலில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஆணம் கருகியது, யாருக்கும் கவலையில்லை.

தம்பி வந்து சேர இன்னும் சில மாதங்கள் எடுத்தன. இப்போது இங்கே ஒரு சிறையில் இருக்கிறான். முதல் தடவை பார்க்கப் போனபோது வாசலில் இருந்த உத்தியோகத்தர் புத்தகத்தைத் திறந்து, பெயர் கேட்டார். சொன்னேன். ஊர் கேட்டார். வாய் தானாகத் திறந்தது. கணவர் பக்கத்தில் நின்று இருமினார். நான் வாயை மூடி, பேனாவை வாங்கி, புத்தளத்து வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையையும் என் கையாலேயே எழுதினேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். மெலிந்திருந்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அழுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"எயார்போட்டில இறங்கின உடனேயும் ஊர் எது எண்டுதான் கேட்டாங்க ராத்தா," என்றான். "என்ன சொல்றது எண்டு தெரியாமக் கொஞ்ச நேரம் நிண்டன்."

"என்னத்தச் சொன்ன?"

"ராத்தா இருக்கிற ஊர் எண்டு சொன்னன்."