மருமகன் நுழையவில்லை

என் அக்கா ஃப்ளோரன்ஸின் புருஷன் வால்டர் தீயணைப்புக்காரர். ராயபுரத்தில் நெருப்பு வண்டியின் மணி கேட்டால் மற்றவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். இவர் பின்னாலேயே ஓடுவார். லீவு என்றாலும் ஓடுவார். அப்படித்தான் சொந்தக் கல்யாண விருந்தில், இலையில் பிரியாணி வைத்த கையோடு, கோட்டும் சூட்டுமாக எழுந்து போனார். ஹார்பரில் பஞ்சு மூட்டைகள் எரிந்தனவாம். அக்கா தனியாக நின்று கேக் வெட்டினாள்.

எங்கள் நைனா தேசப்பனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர் அவர். எவ்வளவு பெரிய பாரத்தையும் பூப்போல இறக்குவார். கோபத்தை மட்டும் இறக்கத் தெரியாது. மறுநாள் கரி படிந்த சட்டையோடு வந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து, "இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிச்சே, கால ஒடைச்சுடுவேன்!" என்று கத்தினார். வால்டர் மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. "நீங்களா கூப்புடாம வரமாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு அக்காவைக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போய்விட்டார். நடுவில் அம்மாவும் நானும்தான் லோல்பட்டோம்.

அடுத்த வருஷம் எங்கள் பின்சுவரை ஒட்டியிருந்த கயிற்றுக் குடோன் பற்றிக்கொண்டது. வண்டி வந்தது. முதலில் குதித்தது வேறு யார், மாமாதான். நெருப்பை நெருங்க எங்கள் வீட்டு வழியாகத்தான் போக முடியும். நைனா வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நீ வராத. வேற ஆள அனுப்பு."

"வேற ஆளுங்க தண்ணி புடிச்சிகினு கீறாங்க. நவுருங்க மாமா."

நைனா அசையவில்லை. மாமா அவரை இடுப்பில் பிடித்து அலாக்காகத் தூக்கித் தெருவில் இறக்கிவிட்டு உள்ளே போனார். பின்கதவு பூட்டியிருந்தது, சாவி நைனா மடியில். கோடாலியால் கதவை உடைத்து, குழாயை நடுவீட்டில் இழுத்துப்போய், கட்டில், பாய், மாதா படம் எல்லாம் நனைய நனைய நெருப்பை அணைத்தார். தெரு பிழைத்தது. நைனா நேராகப் போய்க் கேஸ் போட்டார்: அத்துமீறி நுழைந்தது, கதவை உடைத்தது, மேலே கை வைத்தது. அக்கா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். தண்டனை என்று வந்தால் மாமாவின் வேலையே போய்விடும். அதை ஒரு நிமிஷம் யோசித்தாரா அந்த மனுஷன்? எனக்கு அவரோடு பேசவே பிடிக்கவில்லை.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் நைனாவைப் பார்த்து, "வேறொரு தீயணைப்பு வீரர் இதையே செய்திருந்தால் வழக்குப் போட்டிருப்பீர்களா?" என்று கேட்டார்.

"அவன் மேல இன்னாத்துக்குப் போடறேன்? ஒரு சோடா வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன்."

கோர்ட்டே சிரித்தது. பொதுக் கடமையைச் செய்கிறவர், ஆபத்தைத் தடுக்க, நல்லெண்ணத்தோடு, தேவையான அளவுக்குச் செய்தது குற்றமாகாது. அதற்கு வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. "அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்தது தீயணைப்பு வீரர். மருமகன் நுழையவில்லை" என்று முடித்தார் மாஜிஸ்திரேட். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தோற்ற மனுஷன் தலையைத் தொங்கப் போடுவார் என்று பார்த்தால், நைனா மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "கேட்டுக்கினியா? மருமவன் உள்ள வரவேயில்லன்னு கோர்ட்டே சொல்லிட்ச்சி. என் வார்த்த அப்டியே நிக்குது!" மாமாவும் அதையே பிடித்துக்கொண்டார். "கரீட்டு. மருமவனா அவரு வந்து கூப்புடட்டும்." இரண்டு பேருக்கும் தோதான தீர்ப்பு. எங்களுக்குத்தான் பேஜார்.

பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மாமா பார்க்க வரவில்லை. வண்டி எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது மட்டும் மணியை இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிப்பார். அக்கா குழந்தையை வாரிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவாள். அதற்குள் வண்டி போயிருக்கும். ஒருநாள் அப்படி ஓடிவந்தவள், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நைனா அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கலீலுல்லா பாய் கடைக்குப் போனார். எங்கள் தெருவில் அங்கே மட்டும்தான் போன் இருந்தது. திரும்பி வந்தவர் உட்காராமல் வாசலிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. இந்த முறை வண்டி தெருமுனையைத் தாண்டிப் போகாமல் உள்ளே திரும்பி எங்கள் வாசலில் வந்து நின்றது.

மாமா கோடாலியோடு குதித்தார். முகத்தில் ஈயாடவில்லை. "எங்க நெருப்பு? ஃப்ளோரன்ஸ் எங்க? கொயந்த?"

நைனா இந்த முறை கையை விரிக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றார். "உள்ளதான் பொக. போய்ப் பாரு."

உள்ளே அம்மா குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, சாம்பிராணிப் புகையில் அதன் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புகை. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமா கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். புகையோ என்னவோ, அவர் கண் கலங்கியிருந்தது. ஹெல்மெட்டைப் பார்த்து மிரண்ட குழந்தை வீறிட்டு அழுதது.

வண்டியோடு வந்த அதிகாரி எகிறினார். "பொய்யா போன் பண்ணா கேஸாவும் பெரியவரே, தெரியுமா?"

"பொகைன்னுதான் சொன்னேன். பொக கீதா, இல்லியா? போடு கேஸு. அதே ஜட்ஜய்யாகிட்டயே போலாம்."

மாமா கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே திரும்பினார். வாசற்படியில் நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற?"

"நெருப்பு இல்லியே மாமா. நான் எப்டி உள்ள நிக்கறது?"

"அந்தத் தொப்பியக் கயட்டிட்டு உள்ள வா மாப்ளே. கொயந்த பயப்புடுது."

மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார். நைனா அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வழிவிட்டார்.