இடம் மாறினார்

வீட்டோடு படுத்துவிட்ட நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் நர்ஸாக இருந்தேன். அலுவலகம் வேங்கிக்கால் பக்கம். பல வருடங்களாக எல்லாவற்றையும் நோட்டில்தான் எழுதினோம். பிறகு, நிதி கொடுப்பவர்கள் கேட்டார்கள் என்று ஆளுக்கொரு டேப்லெட் வந்தது. இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நோட்டுகள் பீரோவுக்குப் போயின.

அடி அண்ணாமலையில் பக்கவாதம் வந்த ஓர் அம்மாவை மூன்று வருடமாகப் பார்த்து வந்தேன். அவருக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. முதுகைத் துடைத்துவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நோட்டாக இருந்தால் அதையும் எழுதியிருப்பேன். டேப்லெட்டில் படுக்கைப்புண் உண்டா, இல்லையா என்பதற்குத்தான் இடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார். நான் போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அலுவலகம் திரும்பி அவருடைய பதிவை மூட உட்கார்ந்தேன். காரணம் கேட்டது. குணமடைந்தார், விலகினார், இடம் மாறினார் என்று மூன்றுதான் இருந்தன.

மென்பொருள் செய்து கொடுத்தவர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அது அடுத்த அப்டேட்ல வந்துடும் மேடம். இப்போதைக்கு இடம் மாறினாங்கன்னு போட்டுடுங்க."

போட்டேன். பிறகு டீ குடித்தேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவின் கணவர் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். விவசாயி. போனை என்னிடம் நீட்டினார். மனைவியின் பெயர் போட்டு ஒரு மெசேஜ் வந்திருந்தது: புதிய முகவரியைத் தெரிவித்தால் சேவை தொடரும்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிச் சொல்லிச்சு. புது அட்ரஸ் கேக்குறாங்களாமே, இன்னாம்மா சொல்றது?"

"அது மிஷின் தானா அனுப்புறதுங்க ஐயா. நான் தப்பா போட்டுட்டேன்."

"நீங்க கேக்கலியா?"

"இல்லீங்க."

"நீங்கதான் கூப்புடுறீங்களோன்னு வந்துட்டேன்," என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெசேஜை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. அவ பேரு இருக்குதில்ல," என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். அவரிடம் துக்கம்கூட விசாரிக்கவில்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதம் அப்டேட் வந்தது. நான்காவதாக 'இறந்தார்' என்று சேர்த்திருந்தார்கள். அந்த அம்மாவின் பதிவைத் திருத்தப் பார்த்தேன். மூடிய பதிவைத் திறக்க முடியாது என்றது. அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.