கையைத் தூக்கிய தாசையண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் வாலிபால் மேட்ச். லீக் மேட்ச் — ஏலத்தில் எடுத்த வீரர்கள், கலர் கலராய் பனியன். பக்கத்தில் என் மருமகன்.

எதிரணி அடித்த பந்து பிளாக் பண்ணப் போனவரின் விரலில் உரசி வெளியே போனது. ரெஃப்ரி கவனிக்கவில்லை. அந்த மனுஷனோ பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, 'படவே இல்லை' என்று தலையாட்டினார். எதிரணி ரிவ்யூ கேட்டது. கேமராவில் பார்த்தால்... விரல் வளைந்தே போயிருக்கிறது! மனுஷன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"என்னா பிரெசென்ஸ் ஆஃப் மைண்ட் மாமா!" என்றார் மருமகன்.

எனக்குத் தாசையண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்குத் தாசையண்ணனைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்தப் பேப்பரிலும் அவர் படம் வந்ததில்லை. ஆனால் எங்கள் பாறசாலைப் பக்கத்தில் அந்தக் காலத்து புரொஃபஷனல் பிளேயர் என்றால் அவர்தான். பந்து இல்லாத மாதங்களில் ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. சீசன் வந்தால் கூப்பிட்ட கிளப்புக்கு ஆட்டம். கூலியும், வயிறு நிறைய மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொடுப்பார்கள். அவர் எம்பினால் எப்போது கீழே வருவார் என்று நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம்.

கிளப்காரர்கள் அவரை அழைக்கும் முறை ஒன்று உண்டு. பேப்பர், கையெழுத்து எதுவும் கிடையாது. சீசனுக்கு முன்பே வந்து வெற்றிலை கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் அந்த வருடம் அவர் அந்த கிளப்பின் ஆள். சொந்த ஊரே எதிரில் நின்றாலும் அடித்துத்தான் ஆக வேண்டும். வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தவனை அப்புறம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த வருடம் மலையாளிகள் ஊரான பாலராமபுரத்து நூல் வியாபாரி மாதவன் பிள்ளை தன் கிளப்புக்காக வெற்றிலை கொடுத்திருந்தார். கொடுத்த பிறகுதான் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. மலையாளத்தோடு ஒரே ராஜ்யத்தில் இருந்த எங்கள் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், போலீஸ் வேன். நேற்றுவரை ஒரே கடையில் சாயா குடித்தவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்தா ஃபைனலில் எங்கள் ஊரும் பாலராமபுரமும் மோத வேண்டும்?

எங்கள் ஊர் டீம் கேப்டன் செல்வராஜ், அதில் ஆடிய என்னையும் இழுத்துக்கொண்டு தாசையண்ணன் வீட்டுக்குப் போனான்.

"அண்ணே, ஊரே கொந்தளிச்சிட்டுக் கிடக்கு. நீரு போயி அவனுவளுக்கு அடிச்சுக் குடுப்பீரோ?"

"வெத்தில வாங்கியாச்சு மக்கா. சண்டைக்கு முன்ன வாங்கினதாக்கும்."

"திருப்பிக் குடுத்துரும்."

"குடுத்தா பொறவு எனக்கு ஆரு வெத்தில தருவா? நானும் தமிழனாக்கும். ஊர்வலத்துக்குக் கூப்பிடு, வாறேன். பந்து வேற காரியம்."

"அப்ப நம்ம பக்கத்துல இனி ஒரு கிளப்பும் உம்மைக் கூப்பிடாது" என்று சொல்லிவிட்டு செல்வராஜ் இறங்கி நடந்தான்.

மேட்ச் அன்று சர்ச் மைதானத்தில் ஊசி போட இடமில்லை. பொழியூர் மீனவர்கள் முடிந்து கொடுத்த நெட். அதற்கு இந்தப் பக்கம் தமிழ் கோஷம், அந்தப் பக்கம் மலையாளக் கோஷம். தாசையண்ணன் ஆடியது ஆட்டமா அது! எங்கள் கைகளையெல்லாம் வீங்க வைத்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் அவர் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

கடைசி செட். சர்வீஸ் எங்களுடையது, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. எனக்குப் பந்து ஏறி வந்தது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அடித்தேன். தாசையண்ணன் பிளாக்குக்கு எம்பினார். பந்து அவர் கைக்கு மேலாகப் பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

"அவுட்!" — ரெஃப்ரி விசில். பாலராமபுரம் தப்பித்துவிட்டது. அவர்கள் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள்.

தாசையண்ணன் மட்டும் துள்ளவில்லை. கையைத் தூக்கினார். "எனக்க வெரல்ல பட்டுது சாரே."

பந்து அவர் விரலில் பட்டு வெளியே போயிருந்தால் பாயிண்ட் எங்களுக்கு. கோப்பையும் எங்களுக்கு.

சத்தியமாய்ச் சொல்கிறேன், அடித்த எனக்கே அது பட்டது தெரியாது! அவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ரெஃப்ரி பாயிண்டை மாற்றினார். அவ்வளவுதான்... "தமிழன் சதிச்சு!" என்று அந்தப் பக்கம் கத்தல். கல்கூட ஒன்றிரண்டு வந்தது. அதைவிட மோசமான வேலையை எங்கள் ஆட்கள் செய்தார்கள். ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்! "நம்ம ஆளு! கடைசில ரத்தம் பேசிச்சு பாத்தியா!"

"எலே, எறக்குலே கீழ!" தாசையண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஒங்களுக்காக ஒரு மண்ணும் செய்யல்ல! பந்து பட்டுது, பட்டுதுன்னு சொன்னேன்!"

யார் காதில் விழுந்தது? இறங்கி நின்ற மனுஷனின் முகம் வெளுத்திருந்தது. ஆடியதால் இந்தப் பக்கம் போயிற்று, கை தூக்கியதால் அந்தப் பக்கமும் போயிற்று. இனி வருடம் முழுக்க ரப்பர் வெட்டுதான்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாதவன் பிள்ளை வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். தாசையண்ணனுக்கு எதிரில் வந்து நின்று, மடியை அவிழ்த்து, வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

"தாசா... அடுத்த கொல்லத்தேக்கு. இப்பளே பிடிச்சோ."

அடுத்த வருடத்துக்கு! தோற்ற மைதானத்திலேயே! தாசையண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானாக இருந்தால் கையைத் தூக்கியிருப்பேனா? சந்தேகம்தான்.

பிற்பாடு எல்லை போட்டார்கள், எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. தாசையண்ணன் முழங்கால் விடும்வரை ஆடினார். இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள்... செல்வராஜும்தான்!

கதையைக் கேட்டுவிட்டு மருமகன் டிவி சத்தத்தைக் குறைத்தார். "அப்போ அன்னைக்கு ஜெயிச்சது யாரு மாமா?"

கோப்பை எங்களுக்கு, வெற்றிலை அவருக்கு... நீங்களே சொல்லுங்கள்!